கடக்கரை வீட்டுக்கு மெழுகுவத்தி: எதப் பாத்து வாங்கணும், எப்படி எரிக்கணும்

மழக்காலம் தொடங்கிட்டா நம்ம ராமநாதபுரம் கடக்கரைல மெழுகுவத்தி இல்லாத வீடே இருக்காது. ஐப்பசி கார்த்திகைல வாடக்காத்து கொஞ்சம் ஓங்கி அடிச்சாலே கரண்ட் போயிரும், மண்டபம் பாம்பன் ராமேஸ்வரம் பக்கமெல்லாம் சொல்லவே வேணாம், போனா எப்ப வரும்னும் தெரியாது. அது ஒரு பக்கம். தங்கச்சிமடம், பாம்பன் வீடுகள்ல மாதா சுரூபத்துக்கு முன்னாடி சாயங்காலம் ஒரு திரி எரியும், நவம்பர் 2 கல்லறத் திருநாளுக்கு கட்டுக்கட்டா வாங்குவாங்க. கீழக்கரை, ஏர்வாடி, தொண்டி பக்கம் சபுராளிங்க, அதான் வெளிநாட்டுல வேல பாக்கறவங்க, ஊருக்கு வரும்போது கண்ணாடி ஜாடில அடைச்ச வாசன மெழுகுவத்தி கொண்டு வந்து சொந்தக்காரங்களுக்குக் குடுக்கறாங்க. கருவாடு வறுத்த வாசம் போகணும்னு ஏத்தி வைக்கிற வீடும் நெறைய. இப்படி எல்லா வீட்லயும் ஏதோ ஒரு காரணத்துக்கு எரியுது, ஆனா எரியறது என்ன, அதோட புகை எங்க போகுதுன்னு வாங்கும்போது யாரும் கேக்கறதில்ல, கைப்புள்ளயும் இளைப்பு இருக்கற பெரியவங்களும் இருக்கற வீட்ல கட்டாயம் கேக்கணும்.

முதல்லயே ஒன்னத் தெளிவாச் சொல்லிடறேன். புகையே வராத மெழுகுவத்தினு எதுவும் கிடையாது, எந்த வெலைக்கு வாங்குனாலும் சரி. எரியற எதுலயும் கொஞ்சம் கரித்தூள், கொஞ்சம் கண்ணுக்குத் தெரியாத வாயு வரத்தான் செய்யும். அட்டைல 'நான் டாக்ஸிக்', 'நேச்சுரல்', 'க்ளீன் பர்ன்'னு போட்டிருக்குன்னு அத மட்டும் நம்பி காசக் குடுத்துராதீங்க, எத டெஸ்ட் பண்ணாங்க, எவ்வளவு வந்துச்சுன்னு அந்த வார்த்தை சொல்லாது. நம்மால முடிஞ்சது ரெண்டுதான், வர்ற புகையக் கொறைக்கிறது, வந்தத வெளிய அனுப்புறது. அதுக்குப் பாக்க வேண்டியது மொதல்ல வாசன, அப்புறம் திரி, அப்புறம் காத்து, கடைசியாத்தான் மெழுகு. கடைல மெழுகப் பத்தித்தான் மொதல்ல பேசுவாங்க, சோயாவா பாரஃபினா தேன்மெழுகானு, நான் தலகீழாத்தான் சொல்லப் போறேன், ஏன்னா சொவத்துல கரி படியறதுக்கும் ரூமுக்குள்ள நெஞ்சடைக்கறதுக்கும் மத்த மூணுதான் பெரிய காரணம்.

ஒரு மெழுகுவத்தி எப்படி எரியுதுன்னு தெரிஞ்சுக்கிட்டா மத்ததெல்லாம் தானாப் புரிஞ்சிரும். சூட்டுல மெழுகு உருகுது, உருகுனது திரி வழியா மேல ஏறுது, தீகிட்ட போனதும் ஆவியாகுது, அந்த ஆவிதான் எரியுது. தீயோட மஞ்சள் நெறம் இருக்குல்ல, அது பூராவும் சின்னச் சின்ன கரித்துகள் பழுத்து மின்னறதுதான். தீ ஆடாம நின்னுச்சுன்னா அந்தத் துகள் மேல போகும்போதே எரிஞ்சு தீந்துரும். தீ ஆடுனாலோ, திரி நீளமா இருந்து மெழுகு அளவுக்கு மேல ஏறுனாலோ, எரியறதுக்கு வேண்டிய காத்து கலக்காம துகள் வெளிய தப்பிச்சிரும். கருப்பா எழும்புதே, அது இதான்.

இந்தத் துகள் ரொம்பப் பொடிசு, நுரையீரலோட அடி வரைக்கும் போகும். பி.எம் 2.5னு செய்தில சொல்றாங்கல்ல, அந்த வகைக்குள்ள வர்றதுதான், பெரும்பாலும் அதவிடவும் பொடிசு. உலக சுகாதார நிறுவனம் 2021-ல வெளியிட்ட அளவுப்படி பி.எம் 2.5 ஒரு கன மீட்டர் காத்துல 24 மணி நேர சராசரியா 15 மைக்ரோகிராமத் தாண்டக் கூடாது. ஜன்னல மூடுன சின்ன ரூம்ல புகையற மெழுகுவத்தி நாலஞ்ச ஒன்னா ஏத்துனா, எரியற நேரத்துக்கு ரூம் காத்து அதத் தாண்டிப் போயிரும். ஏசி ரூம்ல ஜன்னல் கதவெல்லாம் சாத்திட்டு வாசன மெழுகுவத்தி ஏத்தி வைக்கிற பழக்கம் இப்ப நம்மூர் டவுன் வீடுகள்லயும் வந்துருச்சு, மெழுகுவத்தி எரிக்கறதுல இதவிட மோசமான முறை வேற இல்லன்னுதான் சொல்லுவேன்.

வாசன இல்லாததா வாங்குங்க

எல்லாத்தையும் விட நான் அழுத்திச் சொல்ல நெனைக்கறது இதான். வாசன மெழுகுவத்தியோட லேபிளத் திருப்பிப் பாருங்க, 'ஃப்ராக்ரன்ஸ்' இல்லாட்டி 'பெர்ஃப்யூம்'னு ஒத்த வார்த்தைதான் இருக்கும். அந்த ஒரு வார்த்தைக்குள்ள எத்தனை கெமிக்கல் வேணா இருக்கலாம், பிரிச்சு எழுதறதில்ல. வாசம் சீக்கிரம் பறந்து போகாம இருக்கறதுக்காக தாலேட்ங்கற வகைல ஏதாவது ஒன்னு சேக்கறதுண்டு. ஹார்மோன் வேலையக் கெடுக்குதுன்னு சில தாலேட்கள புள்ளைங்க பொம்மைல சேக்கக் கூடாதுன்னு அமெரிக்காவும் ஐரோப்பிய நாடுகளும் தடை போட்டிருக்கு. 'தாலேட் ஃப்ரீ'னு போட்டிருந்தா போடாததுக்குத் தேவலைதான், ஆனா அதோட விஷயம் முடிஞ்சுறாது.

கெமிக்கல் வேணாம், எசென்ஷியல் ஆயில் போட்டதுன்னா நல்லதுதானேனு நெறைய பேரு கேக்கறாங்க. எலுமிச்ச, ஆரஞ்சு வாசத்துக்கு லிமோனின்னு ஒரு பொருள்தான் காரணம், பழத்தோல்ல இருந்து எடுத்தாலும் ஃபேக்டரில செஞ்சாலும் அது அதேதான். அது காத்துல இருக்கற ஓசோனோட சேந்தா ஃபார்மால்டிஹைடு உண்டாகும். ஃபார்மால்டிஹைடு மனுசனுக்குப் புற்றுநோய் உண்டாக்கற பொருள்னு உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-லயே அறிவிச்சிருச்சு. ஒரு மெழுகுவத்தில இருந்து வர்ற அளவு கம்மிதான், பயமுறுத்தறதுக்காகச் சொல்லல, ஆனா இயற்கைனு பேர் வச்சுட்டதால மட்டும் ஒன்னு பாதுகாப்பு ஆயிடாது. ஆஸ்துமா, ஒத்தத் தலைவலி, தும்மல் தொந்தரவு இருக்கறவங்க வீட்ல வாசன மெழுகுவத்தி எந்த வகைலயும் வேணாம்.

கருவாட்டு வாசத்துக்கு இது மருந்தே இல்லங்க. வாசம் எங்கயும் போகாது, அதுக்கு மேல இன்னொரு வாசம் ஏறும் அம்புட்டுதான். வறுக்கும்போதே அடுப்பாங்கரை ஜன்னலத் தொறந்து எக்ஸாஸ்ட் ஃபேனப் போட்டு விட்டு, எறக்குன கையோட சட்டியப் புளி போட்டுத் தேச்சுக் கழுவிட்டு, எண்ணெ தெறிச்ச அடுப்பு மேடையயும் தொடச்சிருங்க, வாசம் தங்கறது அந்த எண்ணெப் பிசுக்குலதான்.

வெளிநாட்டுல இருந்து அன்பாக் கொண்டு வந்து குடுத்தத தூக்கிப் போட மனசு வராது, சரிதான். ஏத்தாம மூடிய மட்டும் தொறந்து வராண்டாலயோ பாத்ரூம் தட்டுலயோ வைங்க, லேசா வாசம் வரும், எரியற புகையாவது இருக்காது. வியாழக்கெழம ராத்திரி சாம்பிராணி, பகூர்ங்கற அரபு வாசனத் தூபம் போடற வீடுகள்ல அதுக்கு மேல வாசன மெழுகுவத்தியும் சேர வேணாம், கரித்துண்டுல போடற எதுலயும் வர்ற புகை மெழுகுவத்திய விட பல மடங்கு அதிகம். போடறத விட்டுருங்கன்னு நான் சொல்ல வரல, அது வீட்டு வழக்கம், அதுல ஒரு மரியாதை இருக்கு. ஜன்னலத் தொறந்து வச்சுப் போடுங்க, கைப்புள்ள படுத்திருக்கற ரூமுக்குள்ள மட்டும் கொண்டு போகாதீங்க.

கொசுவுக்காக சிட்ரோனெல்லாங்கற புல்லெண்ணெ கலந்த மெழுகுவத்தி வாங்கறவங்களுக்கு ஒரு வார்த்தை. அதால கொசு அவ்வளவா கொறையறதில்ல, பக்கத்துலயே ஒக்காந்திருந்தா கொஞ்சம் இருக்கலாம், கடக்காத்துல அதுவும் நிக்காது. அதுக்காக கொசுவத்திச் சுருள் ஏத்தறதும் சரியில்ல. சீனா, மலேசியா சுருள்கள வச்சு 2003-ல வெளியான ஒரு ஆய்வுல, ஒரு சுருள் முழுசா எரிஞ்சா வர்ற பி.எம் 2.5 துகள் 75-ல இருந்து 137 சிகரெட் எரிஞ்சா வர்ற அளவுக்கு இருக்குன்னு கண்டாங்க. கொசுவலையும் ஜன்னலுக்கு நெட்டும்தான் இதுக்கு வழி.

திரியப் பாருங்க

மளிகைக் கடைல தர்ற வெள்ள மெழுகுவத்தில பெரும்பாலும் பருத்தி நூல் திரிதான், அதுல பிரச்சன இல்ல. ஜாடில வர்றது, உருண்டையா பெருசா வர்றது, எங்க செஞ்சதுன்னே போடாதது, இதுலதான் திரி நட்டுக்கா நிக்கறதுக்காக உள்ள ஒரு மெல்லிசான கம்பி வைக்கிறதுண்டு. அந்தக் கம்பி ஒரு காலத்துல ஈயமா இருந்துச்சு. ஈயம் எரிஞ்சு காத்துல கலந்தா வளர்ற புள்ளைங்க மூளைக்கு ஆபத்து, அதனால அமெரிக்கா 2003-ல ஈயத் திரிய சட்டம் போட்டே தடை பண்ணிருச்சு. இப்ப வர்ற கம்பி பெரும்பாலும் துத்தநாகம் இல்லாட்டி தகரம். இருந்தாலும் பேரு ஊரு இல்லாத சரக்க வாங்கும்போது ஒரு சின்ன சோதனை பண்ணிருங்க. திரியோட நுனிய நகத்தால பிரிச்சுப் பாருங்க, உள்ள பளபளன்னு கம்பி தெரிஞ்சா அத வெள்ளக் காயிதத்துல தேய்ங்க, பென்சில்ல கிறுக்குன கணக்கா சாம்பக் கோடு விழுந்தா ஈயமா இருக்கலாம், வாங்காதீங்க. கோடு விழலைன்னாலும் கம்பியே இல்லாத பின்னல் பருத்தித் திரி கெடைக்கும்போது கம்பித் திரி எதுக்கு.

வாங்கறது ஒரு பங்குன்னா பராமரிக்கறது ரெண்டு பங்கு. ஒவ்வொரு தடவ ஏத்தறதுக்கு முன்னாடியும் திரிய சுமார் 6 மில்லிமீட்டர் விட்டு நறுக்குங்க, நகவெட்டியே போதும். எரிஞ்சு முடிஞ்ச திரி நுனில கருப்பா கரிக்கட்டி சேந்திருக்கும், அதோட மறுபடி ஏத்துனா தீ பெருசாகும், ஆடும், புகையும். நறுக்குன துண்டு மெழுகுக்குள்ள விழாம எடுத்துருங்க, விழுந்தா அதுவும் பத்திக்கிட்டு ரெண்டாவது தீயா எரியும்.

நல்லெண்ணெ விளக்குக்கும் இதே கணக்குதான். திரியத் தடியாப் போட்டு நீளமா இழுத்து விட்டா பூஜை ரூம் சொவரெல்லாம் கரி. தீ சின்னதா, நுனி கூரா நிக்கற அளவுக்கு திரிய உள்ள தள்ளி வைங்க.

காத்துதான் நம்மூர்ல பெரிய சிக்கல்

வெளியூர்க்காரங்க எழுதற குறிப்புல ஜன்னலத் தொறந்து வச்சு எரிங்கன்னு ஒத்த வரில முடிச்சிருவாங்க. நம்ம பக்கம் ஜன்னலத் தொறந்தா மெழுகுவத்தியே நிக்காது, தீ கெடந்து ஆடும், அணையலைன்னா கரும்புகையா விடும். அதனால எல்லாத்தையும் சாத்திடறோம், சாத்துனா புகை உள்ளயே சுத்தும். தொறந்தாலும் கேடு மூடுனாலும் கேடுன்னு ஆயிருது. இதுக்கு நான் பாத்த வரைக்கும் வழி இதான்: காத்து அடிக்கற பக்கத்த மூடிட்டு எதிர்ப்பக்கத்தத் தொறந்து வைங்க. கச்சான் காத்து அடிக்கற வைகாசி ஆனி ஆடில மேக்குப் பக்க ஜன்னல மூடி கெழக்குப் பக்கம் ஒன்னத் தொறந்து விட்டா புகை அந்த வழியா வெளிய இழுத்துட்டுப் போயிரும், தீ ஆடாது. வாடக்காத்து காலத்துல வடக்கு, கெழக்க மூடிட்டு மேக்கையோ தெக்கையோ தொறங்க. மெழுகுவத்திய வாசலுக்கும் ஜன்னலுக்கும் நேர்கோட்டுல வைக்காம உள்மூலைல வைங்க, ஓடற ஃபேனுக்கு நேர் கீழ வைக்கவே வைக்காதீங்க.

ரெண்டாவது, கண்ணாடி சிம்னி. பழைய அரிக்கேன் விளக்குக் கண்ணாடி வீட்ல கெடந்தா அதயே எடுத்துக்கலாம், ரெண்டு பக்கமும் தொறந்த கண்ணாடிக் குழாயும் கடைல கெடைக்குது. ஆனா அடில காத்து நுழைய எடம் விடணும், மூணு சின்னக் கல்லோ நாணயமோ வச்சு அது மேல சிம்னிய நிறுத்துங்க. தட்டோட ஒட்ட மூடி வச்சா தீக்கு மூச்சு முட்டி முன்னத்த விட அதிகமாப் புகையும். ஒடுக்கமான ஆழமான ஜாடில வர்ற மெழுகுவத்தி பாதிக்குக் கீழ எரிய ஆரம்பிச்சதும் ஜாடி வாய் கருக்கறதுக்கும் இதான் காரணம், காத்து கீழ வரைக்கும் எறங்கறதில்ல. வாங்கும்போதே வாய் அகலமானதப் பாத்து எடுங்க.

உங்க மெழுகுவத்தி புகையுதா இல்லையானு கண்ணால பாத்து முடிவு பண்ண முடியாது. வெள்ளப் பீங்கான் தட்டு ஒன்ன தீக்கு ஒரு சாண் மேல கொஞ்ச நேரம் புடிச்சுப் பாருங்க. வெள்ளையா இருந்தா நல்லா எரியுதுன்னு அர்த்தம், கரி படிஞ்சா அணைச்சு, திரிய நறுக்கி, எடத்த மாத்தி வச்சு மறுபடி புடிங்க. அப்பயும் படிஞ்சா அந்தச் சரக்க வீட்டுக்குள்ள எரிக்க வேணாம்.

அணைக்கும்போது ஊதாதீங்க. ஊதுனதும் வெள்ளையா ஒரு புகை எழும்புதுல்ல, அது எரியாத மெழுகு ஆவி, மெழுகுவத்தி எரியற நேரம் பூராவும் விடறத விட அந்த நொடில விடறதுதான் மூக்குக்கு உறைக்கும். ஒரு ஊக்கோ குச்சியோ வச்சு திரிய உருகுன மெழுகுக்குள்ள அமுக்கி உடனே நிமித்தி விட்டுருங்க, புகையும் வராது, திரில மெழுகு ஏறி அடுத்த தடவ சீக்கிரம் பத்தும்.

இனி மெழுகு

பாரஃபின் கச்சா எண்ணெய்ல இருந்து பிரிச்சு எடுக்கறது, நம்ம கடைகள்ல கெடைக்கறதுல முக்கால்வாசி இதான். பாரஃபின் மெழுகுவத்தில இருந்து பென்சீன், டொலுயீன் வருதுன்னு அமெரிக்காவுல சவுத் கரோலினா ஸ்டேட் யூனிவர்சிட்டிக்காரங்க 2009-ல ஒரு மாநாட்டுல சொன்னாங்க, அதுக்கப்புறம்தான் சோயா மெழுகுவத்திக்கு விளம்பரம் எகிறுச்சு. ஆனா 2007-லயே ஜெர்மனில நடந்த ஒரு ஆய்வுல, பாரஃபின், சோயா, தேன்மெழுகுன்னு எதுவா இருந்தாலும் தரமாச் செஞ்சிருந்தா வர்ற புகைல பெரிய வித்தியாசம் இல்லன்னு வந்துச்சு, அதுக்கு மெழுகுவத்திக் கம்பெனிகளோட சங்கங்கள்தான் காசு குடுத்தாங்கங்கறதயும் சேத்துச் சொல்லணும். ரெண்டயும் வச்சுப் பாத்து எனக்குத் தோணறது இதான்: சுத்தம் பண்ண பாரஃபின்ல வாசனயும் கலரும் இல்லாம நல்ல பருத்தித் திரியோட ஆடாம எரியற ஒன்னு, வாசனயக் கொட்டி அடைச்ச வெலகூடுன சோயா ஜாடிய விட வீட்டுக்கு நல்லது. காசு கம்மியா இருக்கேன்னு மனசு கொறைய வேண்டியதில்ல.

சோயா மெழுகு, சோயா எண்ணெயக் கெட்டியாக்கி எடுக்கறது. நல்லதுதான், ஆனா 'சோயா பிளெண்ட்'னு போட்டிருந்தா பாரஃபின் கலந்திருக்க வாய்ப்பு இருக்கு, 100 சதவீதம்னு எழுதியிருக்கான்னு பாருங்க. ஜாடிக்குனு செய்யற சோயா மெழுகு 50 டிகிரி வாக்குலயே உருகிரும். அக்னி நட்சத்திரத்துல ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கும் தகரத்துக்கும் கீழ இருக்கற வீட்ல அது வேர்த்து வழியும், கொழகொழன்னு ஆகும். அதனால மண்பானைக்குப் பக்கத்துல, தரையோட தரையா குளுமையான எடத்துல வைங்க. பாம் வாக்ஸ்னு ஒன்னு வரும், அது நம்ம ராமநாதபுரத்துப் பனைல இருந்து வர்றது இல்ல, மலேசியா இந்தோனேசியால காட்ட அழிச்சு நட்ட செம்பனை எண்ணெய்ல இருந்து வர்றது. ஜெல் மெழுகுவத்தி வேணவே வேணாம்னு சொல்லுவேன், அது மினரல் ஆயில கெட்டியாக்குனது, சூடு அதிகம், கண்ணாடி வெடிக்கறதும் உண்டு. சிப்பி, சங்குக்குள்ள மெழுகு ஊத்தி விக்கறது பாக்க ரொம்ப அழகு, அலமாரில வச்சு அழகு பாருங்க, ஏத்துனா சங்கு சூட்டுல விரிசல் விட்டு உருகுன மெழுகு கொட்டலாம்.

வீட்டுக்கு ஒன்னு, அதயும் நிதானமா எரிக்கற ஆளா இருந்தா தேன்மெழுகுதான் நான் சொல்லுவேன். 62-64 டிகிரி வரைக்கும் உருகாது, நம்ம வெயிலுக்குத் தாங்கும், தனியா வாசனயே சேக்க வேணாம், லேசா தேன் மணம் அதுலயே இருக்கு, மெதுவா எரியும். ஈஸ்டருக்கு கோயில்ல ஏத்தற பாஸ்கா திரிங்கற பெரிய மெழுகுவத்திய காலங்காலமா தேன்மெழுகுலதான் செஞ்சு வந்தாங்க. வெல பாரஃபின விட பல மடங்கு, அதனாலயே கலப்படமும் உண்டு. நல்ல தேன்மெழுகு கொஞ்ச நாள் போனா மேல வெள்ளையா மாவு படிஞ்சது தெரியும், துணியால தொடைச்சா போயிரும். வெரலால ஒரு துண்ட உருட்டுனா கை சூட்டுல வளைஞ்சு குடுக்கும், பாரஃபின் கலந்தது பொடியா உதிரும் இல்லாட்டி வழுக்கும். மஞ்சள் கலரும் தேன் வாசமும் ரொம்பத் தூக்கலா இருந்தா சேத்ததா இருக்கலாம். இன்னொன்னு, தேன்மெழுகு காத்த சுத்தம் பண்ணும், நெகட்டிவ் அயான் விடும்னு சொல்லி விக்கறாங்க, அத நம்பாதீங்க. எரியற தீ எதுவும் ரூம் காத்த சுத்தம் பண்ணாது.

கலர் மெழுகுவத்தில சில சாயம் திரிய அடைச்சுக்கறதுண்டு, பிறந்தநாளுக்குத் தவிர வேணாம். ஊதி அணைச்சாலும் மறுபடி பத்திக்கற பிறந்தநாள் மெழுகுவத்தி இருக்கே, அதோட திரில மக்னீசியம் தூள் இருக்கு, கேக் மேல அதக் குத்தாதீங்க.

கல்லறத் திருநாளுக்கும் கார்த்திகைக்கும் வெளில ஏத்தறதுக்கு சாதா பாரஃபினே போதும், வெட்டவெளில புகை நிக்காது. மெழுகு ஊத்துன அகல் வாங்கறவங்க வாசன, மினுமினுப்புத் தூள் இல்லாததா எடுங்க. அங்க கவனிக்க வேண்டியது புள்ளைங்க பாவாடையும் துப்பட்டாவும்தான், கடக்காத்துக்கு தீ சட்டுனு சாயும்.

கரண்ட் போனா

வெளிச்சத்துக்குன்னா மெழுகுவத்திய மொதல்ல எடுக்காதீங்க. ரீசார்ஜ் பண்ற எல்.இ.டி விளக்கு ஒன்னு வாங்கி புயல் எச்சரிக்கை வந்த அன்னைக்கே முழுசா சார்ஜ் போட்டு வைங்க, புகையும் இல்ல நெருப்பும் இல்ல. அது தீந்தாத்தான் மெழுகுவத்தி. மண்ணெண்ணெ விளக்கு அதவிட மோசம், ஒரு சிம்னி இல்லாத மண்ணெண்ணெ விளக்கு விடற கரி பல மெழுகுவத்திக்குச் சமம்.

மீன்பிடி வீடுகள்ல இன்னொன்னு இருக்கு, இத கண்டிப்பாச் சொல்லணும். வீட்டுக்குள்ளயே நைலான் வலை குமிஞ்சு கெடக்கும், மூலைல வள்ளத்து எஞ்சினுக்கு வாங்குன மண்ணெண்ணெயோ டீசலோ கேன்ல இருக்கும், மேல கொசுவலை தொங்கும். நைலான் பத்துச்சுன்னா உருகிச் சொட்டி எரியும், மேல பட்டா ஒட்டிக்கும். வலையும் கேனும் இருக்கற ரூம்ல மெழுகுவத்தி எந்தக் காரணத்துக்கும் வேணாம். மத்த ரூம்ல அகலமான தட்டுல மணல் பரப்பி நடுவுல நிறுத்துங்க, சாஞ்சாலும் மணல்லதான் விழும். திரைச்சீலைக்கு ஒரு அடியாவது தள்ளி இருக்கணும், தூங்கப் போகும்போது அணைச்சிரணும், புள்ளையத் தனியா விட்டுட்டு எரிய விடக் கூடாது.

வீட்லயே செய்யணும்னா

நல்ல தேன்மெழுகு கெடைச்சா நீங்களே செய்யலாம், உள்ள என்ன இருக்குன்னு நமக்கே தெரியும், இதவிட நிம்மதி வேற ஏது. ஒரு சட்டில தண்ணி கொதிக்க வச்சு அதுக்குள்ள இன்னொரு பாத்திரத்துல மெழுகப் போட்டு உருக்குங்க, நேரா அடுப்புல மட்டும் வைக்காதீங்க, அளவுக்கு மேல சூடேறுனா பத்திக்கும். பத்திக்கிட்டா தண்ணி ஊத்தக் கூடாது, மூடியப் போட்டு மூடிட்டு அடுப்ப அணைங்க. மூணு பங்கு தேன்மெழுகுக்கு ஒரு பங்கு தேங்கா எண்ணெ சேத்தா கண்ணாடில ஊத்தும்போது விரிசல் விடாது, சித்திரை வைகாசில எண்ணெயக் கொறைச்சுக்குங்க, நம்ம சூட்டுக்கு தேங்கா எண்ணெ கெட்டியாவே நிக்காது. பூஜைக்கு உருட்டற பஞ்சுத் திரி சாஞ்சு விழுந்துரும், பின்னல் பருத்தித் திரிய உருகுன மெழுகுல முக்கி நேரா இழுத்துக் காய வச்சு அப்புறம் வைங்க. தேன்மெழுகு பிசுபிசுப்பு அதிகம், அதனால பாரஃபினுக்குப் போடறத விட கொஞ்சம் தடியான திரி வேணும், மெல்லிசாப் போட்டா தீ முங்கி அணையும். கெட்டிக் கண்ணாடியா, சூடு தாங்கறதாப் பாத்து எடுங்க, விரிசல் விட்ட டம்ளர் வேணாம்.

மொத தடவ ஏத்தும்போது மேல் மெழுகு ஓரம் வரைக்கும் உருகற வரைக்கும் விடுங்க, இல்லாட்டி நடுவுல மட்டும் குழி விழுந்து திரி முங்கி புகைய ஆரம்பிக்கும். ஒரு தடவைக்கு நாலு மணி நேரத்துக்கு மேல எதயும் எரிக்காதீங்க. ஜாடில அடில ஒரு சென்டிமீட்டர் மிச்சம் இருக்கும்போதே நிறுத்திருங்க, அதுக்குக் கீழ போனா கண்ணாடி சூடேறி வெடிக்கும். அந்த மிச்ச மெழுகத் தூக்கிப் போட வேணாம், சொரண்டி எடுத்து உப்புக்காத்துல துருவேறி இறுகிப் போற ஜன்னல் கொண்டிலயும் தாழ்ப்பாள்லயும் தேச்சு விடுங்க, மழை முடியற வரைக்கும் லேசா நகரும்.